ஹெலன் வீட்டு ஆரத்தி

உக்காருங்க சிவகாமி. கேட்டுட்டுக் கதவுகிட்டயே நின்னா எப்படி? நாளைக்குக் காலையில உங்க பையன் லடாக்லேர்ந்து லீவுல வரான், வாசல்ல நின்னு ஒரு ஆரத்தி எடுக்கணும், அதானே? கேக்கிறது ஒண்ணும் தப்பில்லை. இந்த அபார்ட்மெண்ட்ல எண்பதைத் தொடப்போற சுமங்கலி நான் ஒருத்திதான். நலங்கா, விசாலாட்சியம்மாவைக் கூப்பிடு. வளைகாப்பா, விசாலாட்சியம்மா வரட்டும். எல்லாத்துக்கும் வருவேன். ஆரத்தித் தட்டை மட்டும் தொடமாட்டேன். என் ரெண்டு பிள்ளைங்க கல்யாணத்துலகூடத் தொடலை. சம்பந்தி வீட்டுல என்னென்னமோ பேசிக்கிட்டாங்க. பேசட்டும்.

முகம் வாடிப்போச்சே. உங்க மேல ஒண்ணும் இல்லைம்மா. காபியை எடுத்துக்குங்க, ஆறிடும். இவர் உள்ள டி.வி. பார்த்துக்கிட்டிருக்கார், காது கேக்காது, அதனால சொல்றேன். இந்தப் பேச்சை எடுத்தாலே அவருக்கு ஆகாது. அம்பது வருஷத்துக்கு மேல ஆச்சு, இன்னும் ஆகாது.

நாங்க அமெரிக்காவுல இருந்தது உங்களுக்குத் தெரியும்ல? ஒஹாயோன்னு ஒரு மாநிலம். இவர் உலோகத்துல டாக்டர் பட்டம் வாங்கப் போனார். ஒரு ஆறு, ஒரு இரும்பு ஆலை, ஒரு காலேஜ், ஊரே அவ்வளவுதான். அறுபத்தெட்டுல போனோம். எனக்கு இருபத்திரெண்டு வயசு. புதுக்கோட்டையை விட்டா திருச்சி, திருச்சியை விட்டா ஒஹாயோ. நடுவுல ஒரு ஊரும் நான் பார்த்ததில்லை.

பக்கத்து வீட்டுக்காரி பேரு ஹெலன். அவளுக்கு அம்பது வயசு இருக்கும். புருஷன் ஆலையில வேலை பார்த்து, அங்கேயே ஒரு விபத்துல போயிட்டார். உங்களை மாதிரின்னு வெச்சுக்குங்களேன். ஒரு பொண்ணு, ஒரு பையன். பொண்ணு ஜூடி, இவர் படிச்ச அதே காலேஜ்ல படிச்சா. பையன் ரேமண்ட். ஆமா, கோட்டுத் துணி பேருதான், நானும் முதல்ல சிரிச்சேன். நாங்க போய் இறங்கின கொஞ்ச நாள்லயே அவனைப் பட்டாளத்துக்குக் கூப்பிட்டுட்டாங்க. அங்கெல்லாம் அப்ப கட்டாயம். உங்க பையன் மாதிரி ஆசைப்பட்டுப் போறது இல்லை. காயிதம் வந்தா போகணும். அவனை நான் ரெண்டே தடவைதான் பார்த்திருக்கேன். ஒரு தடவை எங்க வீட்டுக் குழாயைச் சரி பண்ணிக் கொடுத்தான். இன்னொரு தடவை, சொல்றேன், அதைச் சொல்லத்தானே உக்கார வெச்சிருக்கேன்.

ஹெலன் மாதிரி ஒரு மனுஷியை நான் பார்த்ததில்லை சிவகாமி. என் பேரு அவ வாயில நுழையாது, 'விசா'ன்னு கூப்பிடுவா. எனக்கு முதல் கரு கலைஞ்சப்ப இவர் காலேஜ்ல இருந்தார், போன் எடுக்கலை. ஹெலன்தான் என்னைத் தூக்கிக் கார்ல போட்டுக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனா. அவ கார் சீட்டெல்லாம் பாழாப் போச்சு. அதைத் தன் கையால கழுவினா. ஜன்னல்லேர்ந்து பார்த்தேன், வாளியில தண்ணி சிவப்பா ஓடுது, அவ திரும்பத் திரும்பப் பிழிஞ்சு துடைக்கிறா. அதைப் பத்தி ஒரு வார்த்தை என்கிட்டப் பேசினதில்லை. பெத்தவகூட அப்படிச் செய்வாளான்னு தெரியலை.

சாயங்காலமானா நான் அங்கதான். அவ டி.வி.யைப் போடுவா. நம்ம ஊர்ல டி.வி.ன்னாலே என்னன்னு தெரியாத காலம். நான் முதமுதல்ல டி.வி.யில பார்த்தது வியட்நாம். காடு, சேறு, நெல் வயல். நெல் வயலைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷமாயிடும், நம்ம பக்கம் மாதிரியே இருக்கேன்னு சொல்லுவேன். வரப்புல ஒரு பொம்பளை குடத்தோட போவா, எங்க சின்னம்மா சாயல்னு சொல்லுவேன். ஹெலனுக்கு அதெல்லாம் காதுலயே விழாது. பட்டாளத்துப் பையன் எவனாவது திரையில வந்தா எழுந்து போய் டி.வி. கண்ணாடிகிட்ட முகத்தை வெச்சுப் பார்ப்பா. தன் பையன் இல்லைன்னதும் திரும்பி வந்து உக்காருவா. நான் பீன்ஸ் நறுக்கிக்கிட்டே இருப்பேன். அவனுக்காகச் செவ்வாய்க்கிழமை விரதம் இருந்தேன் நான். சமயபுரத்தாளுக்கு ஒஹாயோ எங்க இருக்குன்னு தெரியுமோ தெரியாதோ, நான் இருந்தேன்.

அந்தப் பொண்ணு ஜூடி இருக்காளே, அவதான் அந்த வீட்டுக்குத் தலைவலி. சண்டை வேண்டாம்னு ஊர்வலம் போற கூட்டத்துல சேர்ந்துட்டா. போகட்டும், அந்த வயசுல எல்லாப் பிள்ளைங்களும்தான் போச்சுங்க. ஒரு நாள் இவளும் இன்னும் சில பேரும் போய், பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிற ஆபீஸ் படியில வாளி நிறையச் சிவப்புச் சாயத்தை ஊத்திட்டாங்க. கடைத்தெருவுல, பட்டப்பகல்ல. கேட்டா, அது ரத்தமாம். அங்க சாகிற எல்லார் ரத்தமுமாம். மறுநாள் பேப்பர்ல வாளியும் கையுமா இவ போட்டோ. கல்யாணம் ஆகவேண்டிய பொண்ணு! சர்ச்சுல ஹெலன் உக்காந்த பெஞ்சுல வேற யாரும் உக்காரலை. எதிர்வீட்டுக்காரர், தினம் 'குட் மார்னிங்' சொல்றவர், கொடியை ஏத்திட்டுக் கண்டுக்காம உள்ள போயிட்டார். ஹெலன் பொண்ணுகிட்ட, 'உன் தம்பி அங்க இருக்கான், நீ இங்க அவன் மூஞ்சியில ஊத்துறியா? இந்த வாசலை மிதிக்காதே'ன்னுட்டா. நானும் அதுதான் சரின்னு சொன்னேன். தப்பா?

எழுபதாவது வருஷம் மே மாசம் ரேமண்ட் வரான்னு சேதி வந்தது. அவன் வர்ற வாரம் பார்த்தா, அதே மாநிலத்துல இன்னொரு காலேஜ்ல, ஊர்வலம் போன பிள்ளைங்களைப் பட்டாளத்துக்காரங்களே சுட்டுட்டாங்க. நாலு பிள்ளைங்க செத்துப் போச்சு. எங்க ஊரே ரெண்டாப் பிளந்து நிக்குது. ஒரு வீட்டுல கொடி, அடுத்த வீட்டுல கறுப்புத் துணி. பட்டாளத்து உடுப்பைக் கண்டா ஒரு கூட்டம் காறித் துப்புது, முடி வளர்த்த பையனைக் கண்டா இன்னொரு கூட்டம் அடிக்க வருது. இவர் திரையெல்லாம் இழுத்து மூடிட்டு, "நாம வந்த வேலையைப் பார்ப்போம், விசாலம். ஜன்னல்கிட்டப் போகாதே"ன்னார்.

நான் யோசிச்சேன். பிள்ளை சண்டையிலேர்ந்து வரான். எத்தனை சாவைப் பார்த்தானோ, எது எது ஒட்டிக்கிட்டு வருதோ. இங்க தெருவுல பார்த்தா, பாதிப் பேர் கண்ணுல கொள்ளி. அப்படியே வீட்டுக்குள்ள விடலாமா? ஹெலன்கிட்டப் போய்ச் சொன்னேன். எங்க ஊர்ல ஒண்ணு இருக்கு, தட்டுல தண்ணி எடுத்து மூணு சுத்து சுத்தித் தெருவுல ஊத்திட்டா, அவன்கூட வந்ததெல்லாம் வாசலோட போயிடும்னேன். அவ என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டா. "அவன் நல்லா இருக்கணும்னா நீ எதுவேணாலும் பண்ணு விசா"ன்னா. கண்ணெல்லாம் தண்ணி.

தட்டுல தண்ணின்னு சொன்னேனே தவிர, என்ன நிறம்னு நான் சொல்லலை. அதெல்லாம் ஒரு விஷயமான்னு எனக்குத் தோணலை.

அங்க சுண்ணாம்புக்கு எங்க போறது? மஞ்சள்தூள் ஊர்லேர்ந்து கொண்டு போனது இருந்தது. முதல்ல ஆப்பசோடா போட்டுப் பார்த்தேன். செங்கல் நிறம்தான் வந்தது, மனசுக்கு ஒப்பலை. அப்புறம் துணி வெளுக்கிற சோடாவைப் போட்டுக் கலக்கினேன் பாருங்க. அப்படி ஒரு சிவப்பு! நம்ம சுண்ணாம்புலகூட அப்படி வராது. கெட்டியா, கருஞ்சிவப்பா, அசைச்சா தட்டோட ஓரத்துல ஒட்டி ஒட்டி இறங்குது. எனக்கு என்ன பெருமைங்கிறீங்க! வெத்தலை இல்லை, கோஸ் இலையை வெட்டி மிதக்கவிட்டுக் கற்பூரம் வெச்சேன். அரக்குப் பட்டுப் புடவை, என் கல்யாணப் புடவை, அதைக் கட்டிக்கிட்டேன். நெத்தியில பெரிசா குங்குமம். அந்த ஊருக்குப் போனதுக்கு அப்புறம் நான் மனுஷியா நின்னது அன்னிக்குத்தான்.

ஒரு குறை என்னன்னா, ரெண்டு பேர் சேர்ந்து எடுக்கணும். இன்னொரு சுமங்கலிக்கு நான் எங்க போவேன்? ஹெலன் வந்து, "நான் ஒரு பக்கம் பிடிக்கட்டுமா?"ன்னு கேட்டா. ஆசையாத்தான் கேட்டா. வெள்ளைக் கவுனு ஒண்ணு புதுசா வாங்கிப் போட்டுக்கிட்டு, தலையெல்லாம் சுருட்டிவிட்டு, பொண்ணு பார்க்க வந்தாப்பல நிக்கிறா. என்ன சொல்றது அவகிட்ட? பக்குவமாத்தான் சொன்னேன். எங்க பக்கம் புருஷன் இல்லாதவங்க இந்த மாதிரி நேரத்துல முன்னால வர்றதில்லை, நீ அடுப்படியில இரு, நான் ஊத்தி முடிச்சுட்டுக் கூப்பிடுறேன், அப்புறம் வந்து கட்டிக்கோன்னேன். அவ என் முகத்தையே பார்த்துக்கிட்டு நின்னா. அப்புறம், "எவ்வளவு நேரம் ஆகும்?"னு கேட்டா.

"மூணு சுத்து"ன்னேன்.

சரின்னு உள்ள போனா. என்ன சொன்னாலும் கேப்பா அவ. அவ்வளவு நம்பிக்கை என்மேல.

இதுக்கு நடுவுல இந்த ஜூடி காலையிலேயே எங்க வீட்டுப் பின்வாசல்ல வந்து நின்னா. தம்பியை ஒரு தடவை பார்க்கணுமாம், அம்மாகிட்டச் சொல்லுங்கன்னா. கையில கறுப்புத் துணி கட்டியிருக்கா, செத்த பிள்ளைங்களுக்காக. நல்ல நாளும் அதுவுமா! அதை அவுத்துட்டு வான்னேன். முடியாதுன்னா. அப்ப தெருமுனையிலேயே நில்லுன்னு சொல்லி அனுப்பிட்டேன். அவளும் போய் நின்னா.

ஹெலன் வீட்டு வாசல்ல தட்டோட நான் நிக்கிறேன், டாக்ஸி வந்தது. எதிர்வீட்டுக்காரர் படியில நிக்கிறார். அக்கம்பக்கத்துல ஜன்னல் திரையெல்லாம் விலகுது. ரேமண்ட் இறங்கினான். உடுப்போட, தோள்ல மூட்டையோட. குழாய் சரி பண்ண வந்த பையன் இல்லை அவன். கன்னமெல்லாம் ஒட்டி, கண்ணு மட்டும் எங்கேயோ உள்ள இருந்து பார்க்குது. வாசலை நோக்கி நடந்து வந்தவன் என்னைப் பார்த்ததும் நின்னுட்டான். நான் நல்லதாப் போச்சு, கிழக்குப் பார்க்கத்தான் நிக்கிறான்னு கற்பூரத்தை ஏத்தித் தட்டைத் தூக்கினேன்.

முதல் சுத்து. அவன் என் முகத்தைப் பார்க்கிறான், தட்டைப் பார்க்கிறான். என் தோளுக்குப் பின்னால வீட்டுக்குள்ள பார்க்கிறான். உள்ள யாரும் இல்லை, இருட்டா இருக்கு.

"அம்மா எங்கே?"ன்னு கேட்டான். மெதுவாத்தான் கேட்டான்.

ஆரத்தி எடுக்கிறப்ப பேசக்கூடாதே. எங்க வீட்டுல அப்படித்தான் பழக்கம், வாயைத் திறந்தா பலிக்காது. நான் இரு இருன்னு கையைக் காட்டினேன், இப்படி. ரெண்டாவது சுத்து. அவன் மூட்டையைக் கீழே போட்டுட்டான். "எங்க அம்மா எங்கே? அம்மாவை என்ன பண்ணினீங்க?"ன்னான். என்ன கேள்வி அது? நான் என்ன பண்ணுவேன்? தினம் அவளோட உக்காந்து பீன்ஸ் நறுக்கினவ நான். "மாம்"னு கூப்பிட்டான். நான் மூணாவது சுத்தை ஆரம்பிச்சேன். "மாம்!"

அந்தக் குரல் இருக்கே சிவகாமி. அத்தனாம்பெரிய ஆம்பளை, துப்பாக்கி பிடிச்சவன், கூட்டத்துல கையை விட்ட குழந்தை மாதிரி கத்துறான்.

அவ பொறுத்திருக்கலாம். அரைச் சுத்துதான் பாக்கி. அதைத்தான் நான் சொல்றேன். அரைச் சுத்து! அடுப்படியிலேர்ந்து ஓடி வந்துட்டா. வந்த வேகத்துல என் முழங்கையில மோதினா, தட்டு அப்படியே கவுந்து, அத்தனை தண்ணியும் அவ மேல. வெள்ளைக் கவுனு. கழுத்துலேர்ந்து முழங்கால் வரைக்கும் சிவப்பு, மிச்சம் படியில வழியுது. அவ அதைக் கவனிக்கவே இல்லை, ரெண்டு கையையும் நீட்டிக்கிட்டு வர்றா.

அவன் பார்த்தான்.

அப்புறம் நடந்ததை எப்படிச் சொல்றது? அவன் அவ மேல பாய்ஞ்சான். அடிக்கிறான்னு நினைச்சு நான் அலறிட்டேன். அடிக்கலை. அவளைத் தரையில தள்ளி, மேல படுத்து, தன் உடம்பால முழுசா மூடிக்கிட்டான். தலையைக் கையால மறைச்சுக்கிட்டு. யாரையோ கூப்பிடுறான், என்னென்னமோ பேர் சொல்லிக் கூப்பிடுறான், ஒண்ணும் அந்தத் தெருவுல இருக்கிற பேர் இல்லை. அவ கவுனு மேல உள்ளங்கையை வெச்சு அமுக்குறான், ரத்தத்தை நிறுத்துற மாதிரி. அவ அடியில கிடந்துக்கிட்டே, "நான் இங்கதான் இருக்கேன்டா, இங்கதான் இருக்கேன்"னு சொல்றா. அவனுக்குக் கேக்கலை. கேக்கவே இல்லை.

தெருமுனையிலேர்ந்து அந்த ஜூடி ஓடி வந்தா. கிட்டப் போகாம, கொஞ்சம் தள்ளித் தரையில மண்டிபோட்டு உக்காந்து, அவன் சின்ன வயசுப் பேரையோ என்னவோ சொல்லி மெதுவா பேசிக்கிட்டே இருந்தா. வெகுநேரம். அப்புறம்தான் அவன் கை தளர்ந்தது.

அதுக்குள்ள எதிர்வீட்டுக்காரர் போலீசைக் கூப்பிட்டுட்டார். வெளிநாட்டுக்காரி ஒருத்தி பட்டாளத்துப் பையன் மேல ரத்தம் ஊத்துறாள்னு சொல்லியிருக்கார். தெருவே கூடிடுச்சு. ஒரு போலீஸ்காரர் இவர்கிட்டப் பாஸ்போர்ட்டை எடுத்துட்டு வரச் சொன்னார். இவர் முகத்துல ஈயாடலை. நான் சொல்ல வாயெடுத்தேன், இது மஞ்சள், இது மங்கலம், எங்க ஊர்ல கல்யாண மாப்பிள்ளைக்கு எடுக்கிறதுன்னு. அதுக்குள்ள அந்தப் பொண்ணு எழுந்து நின்னு, "இதைக் கலக்கினது நான்தான். போன தடவை ஆபீஸ் படியில பண்ணினேன், இந்தத் தடவை இங்க பண்ணினேன். இந்தம்மாவுக்கு ஒண்ணும் தெரியாது. இங்கிலீஷ்கூடத் தெரியாது. நான் பிடிக்கச் சொன்னேன், பிடிச்சாங்க"ன்னு சொல்லிடுச்சு.

எப்படி இருக்கு பாருங்க! நான் கையால கரைச்ச ஆரத்தியை அவ கரைச்சாளாம். எனக்கா இங்கிலீஷ் தெரியாது? பி.யு.சி.யில இங்கிலீஷ்ல நான்தான் முதல். சொல்லலாம்னு பார்த்தா, இவர் என் கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்து கதவைச் சாத்திட்டார். "வாயைத் திறந்தே, நாளைக்கே மூட்டை கட்டணும்"னார். அவளைப் போலீஸ் வண்டியில ஏத்திக்கிட்டுப் போறதை ஜன்னல் வழியா பார்த்தேன். பேர் வாங்கணும்னு ஆசை அவளுக்கு. பேப்பர்ல போட்டோ வரணும். வந்துச்சு. காலேஜ்லேர்ந்தும் எடுத்துட்டாங்க. அதுக்கப்புறம் படிக்கவே இல்லைன்னு கேள்வி.

எங்களை யாரும் ஒண்ணும் கேக்கலை. இவர் பட்டத்தை வாங்கிட்டார்.

மறுநாள் ரசம் வெச்சு எடுத்துக்கிட்டு ஹெலன் வீட்டுக்குப் போனேன். திரை ஆடினதைப் பார்த்தேன், கதவு திறக்கலை. அதுக்கு அடுத்த நாளும் போனேன். நான் போறப்பல்லாம் அந்தப் பையன் வாசல்ல இருந்தான். ஹோஸ் குழாயைப் பிடிச்சுக்கிட்டு, பிரஷ்ஷை வெச்சு, படியைத் தேய்க்கிறான். மஞ்சள் கறைதானே, நாலு வெயில் பட்டா தானே போயிடும்னு சொன்னேன். திரும்பிக்கூடப் பார்க்கலை. போகவும் போயிடுச்சு, ஒரு வாரத்துல படி பளிச்சுன்னு ஆயிடுச்சு. அவன் தேய்க்கிறதை நிறுத்தலை.

ஜூடியை விட்டுட்டாங்க, அபராதமோ என்னவோ கட்டினாங்க. ஹெலன் அவளை வீட்டுக்குள்ள சேர்த்துக்கிட்டா. அதை என் கண்ணால பார்த்தேன், வாசல்ல நின்னு கட்டிப் பிடிச்சுக்கிட்டு ரெண்டு பேரும் அழுதாங்க. சாயம் ஊத்தினவளைச் சேர்த்துக்கிட்டா. விரதம் இருந்தவளைச் சேர்த்துக்கலை. நியாயமா சொல்லுங்க சிவகாமி, என்கிட்ட என்ன குறை கண்டா அவ? நான் அவ பிள்ளைக்கு நல்லதைத்தானே நினைச்சேன்? எல்லாம் முறையா பண்ணினேனே! சொன்ன நேரத்துக்கு முன்னால அவ குறுக்க வந்தா, தெருவுல போகவேண்டியது அவ மேலேயே விழுந்துச்சு. வீட்டுக்குள்ளேயே போயிடுச்சு. இப்பக்கூட நான் அப்படித்தான் நினைக்கிறேன்.

பதினஞ்சு பதினாறு வருஷம் கழிச்சு இன்னொரு தடவை போனோம், இவருக்கு அங்க ஏதோ மாநாடு. நான் மட்டும் டாக்ஸி வெச்சுக்கிட்டு அந்தத் தெருவுக்குப் போனேன். ஹெலனுக்கு ஒரு காஞ்சிபுரம் புடவை, மைசூர்பாகு. காலை நேரம். வாசல்படி ஈரமா இருந்தது. பார்த்ததும் நம்ம ஊர்ல வாசல் தெளிச்சு வெச்ச மாதிரி மனசுக்கு நிறைவா இருந்துச்சு. நடுப்படி மட்டும் குழி விழுந்திருந்தது.

ஜூடிதான் கதவைத் திறந்தா. தலை பாதி நரைச்சுப்போச்சு. கல்யாணம் பண்ணிக்கலை, தம்பியைப் பார்த்துக்கிட்டு அங்கேயே இருக்கா. நான் சொன்னேனா இல்லையா, அந்தப் பொண்ணுக்கு எங்க கல்யாணம் ஆகும்னு. ஆனா மரியாதையாத்தான் கூப்பிட்டா, "வாங்க விசா"ன்னா. படி ஈரமா இருக்கே, மழையான்னேன். "ரேமண்ட் கழுவுவான், தினமும்"னா.

ஹெலன் நாற்காலியில உக்காந்திருந்தா. சின்னதா ஆயிட்டா. புடவையை மடியில வெச்சேன், தடவிப் பார்த்தா. சிவப்பு இல்லை, பச்சைதான் வாங்கிட்டுப் போயிருந்தேன், எனக்குத் தெரியாதா? என்னென்னமோ பேசினேன், பிள்ளைங்களைப் பத்தி, திருச்சியைப் பத்தி. மாடியில யாரோ நடக்கிற சத்தம் கேட்டுது, இந்தக் கோடியிலேர்ந்து அந்தக் கோடிக்கு, அந்தக் கோடியிலேர்ந்து இந்தக் கோடிக்கு. அவன் கீழே வரலை. கிளம்புறப்ப ஹெலன் என் கையைப் பிடிச்சா. பழைய மாதிரியே ரெண்டு கையாலும். பேசப் போறாள்னு குனிஞ்சேன்.

"அவன் என்னைக் கூப்பிட்டான் விசா"ன்னா. "நான் அடுப்படியில நின்னு சுத்தை எண்ணிக்கிட்டிருந்தேன்."

அவ்வளவுதான். என்னைத் திட்டியிருந்தாக்கூடத் தேவலை. கோவமா சொன்னாளா, வருத்தமா சொன்னாளான்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குப் புரியலை. அந்த முறையை நானா கண்டுபிடிச்சேன்? உலகத்துல இருக்கிறதுதானே. உங்களுக்குத் தெரியாததா? நீங்களே எத்தனை கல்யாணத்துல பின்வரிசையில நின்னிருப்பீங்க. ஒருத்தரைக் குத்தம் சொன்னீங்களா?

அதனாலதான் தட்டைத் தொடுறதில்லை. பாவம்னு இல்லை. ஒரு பயம். குழம்புக்கு மஞ்சள் போடுறேன், அதுல ஒண்ணும் இல்லை. அது சிவந்துடுச்சுன்னா போதும், கேக்க ஆரம்பிச்சுடும். அவன் குரல். என் பெரியவன் கல்யாணத்துல, மேளச் சத்தத்துக்கு நடுவுல கேட்டுது. 'மாம்'னு. நான் திரும்பிப் பார்த்தேன், எல்லாரும் சிரிச்சுக்கிட்டிருக்காங்க. எங்களோட பிள்ளைங்க ரெண்டு பேரும் என்னை அம்மான்னு கூப்பிட்டா, நான் எங்க இருந்தாலும், குளிச்சுக்கிட்டிருந்தாக்கூட, உடனே என்ன என்னன்னு கத்திடுவேன். பைத்தியமாம்மா உனக்குன்னு கேப்பானுங்க. பதில் வராம அது அப்படியே நிக்கக்கூடாது, அவ்வளவுதான்.

சரி, உங்க காரியத்தைப் பார்ப்போம். மூணாவது மாடி மீனாட்சியையும் அவ நாத்தனாரையும் நிக்கச் சொல்லுங்க. கைராசிக்காரங்க. சுண்ணாம்பு நான் தரேன். நீங்க மட்டும் அவங்க ஊத்தி முடிக்கிற வரைக்கும் உள்ளேயே இருங்க. உங்க பையன் கதிரேசன் இறங்கினதும் உங்களைத்தான் தேடுவான். தேடட்டும், மூணு சுத்துதானே.

என்ன, எழுந்துட்டீங்க? காபியைத் தொடவே இல்லையே. இருங்க, வெறுங்கையோட போகக்கூடாது, குங்குமம்... அடடா. கை பழக்கம் சிவகாமி, மனசுல வெச்சுக்காதீங்க. பழமாவது எடுத்துக்குங்க.

என்ன சொன்னீங்க? நல்லா கேக்கலை, திரும்பிச் சொல்லுங்க.

நீங்களே நிக்கப் போறீங்களா? வாசல்லயா? தட்டும் வேண்டாம், தண்ணியும் வேண்டாம்னா எப்படி? லிஃப்ட் கதவுகிட்டயே போய் நிப்பீங்களா? நாலு பேர் நாலு விதமா...

சரி. உங்க பிள்ளை, உங்க இஷ்டம். நான் ஒண்ணும் சொல்லலை.

சிவகாமி, ஒரு நிமிஷம். காலையில எங்க வீட்டுக் கதவைத் திறந்துதான் வெச்சிருப்பேன். அவன் அம்மான்னு கூப்பிடுறப்ப கொஞ்சம் சத்தமா பதில் சொல்றீங்களா? எனக்குக் கேக்கிற மாதிரி.